மீன்தொட்டியும் மணற்பாத்தியும்: எந்த மணல், எந்தத் தண்ணீர்?

1990 இல் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்தவர்கள் பலர் வேலணைக்குத் திரும்பியதும் முதலில் எட்டிப் பார்த்தது கிணற்றைத்தான். தூர்வாரி இறைத்துப் பார்த்தால் சில இடங்களில் தண்ணீர் சவர். வேறு சிலர் இன்னும் பிறர் காணியில் ஒரு மூலையிற் குடியிருக்கிறார்கள். இரு சாராரும் கேட்பது ஒன்றே: குறைந்த தண்ணீரில், குறைந்த நிலத்தில் வீட்டுக்கு மரக்கறி செய்ய வழியுண்டா? அதற்கான ஒரு முறையை இப்பாடத்திற் பார்ப்போம்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் மக்மேட்ரி என்பவர் 1980களில் இதை ஆராய்ந்தார். தொட்டியில் திலாப்பியா மீன் வளரும். அந்தத் தண்ணீரைப் பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கத்து மணற்பாத்தியின் சால்களில் ஊற்ற வேண்டும். மீனின் கழிவு மணலில் தங்கும். நுண்ணுயிர்கள் அதைப் பயிருக்கு உரமாக்கும். தெளிந்த நீர் வடிந்து மீண்டும் தொட்டிக்கு வரும். இரவில் ஊற்றுவதில்லை. மணலுக்குள் காற்றுப் புக வேண்டுமல்லவா?

அளவு இலகுவானது. தொட்டி ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு. ஆயிரம் லீற்றர் தொட்டிக்கு இரண்டு கன மீற்றர் மணல் வேண்டும். எங்கள் கணக்கில் முக்கால் கியூப்புக்குச் சற்றுக் குறைவு. அதை ஓரடி ஆழத்திற்குப் பரப்பினால் எழுபது சதுர அடிப் பாத்தி கிடைக்கும்.

எந்த மணல் என்பதிலேதான் பலரும் பிழை விடுகிறார்கள். எங்கள் தீவுக் கரைகளில் உள்ளது பெரும்பாலும் ஊரியும் சிப்பித்தூளும் கலந்த மணல். அது சுண்ணாம்பு. அதிற் சுற்றிவரும் நீர் காரமாகும். இரும்புச்சத்தும் பொஸ்பரசும் பயிருக்கு எட்டாமற் போகும். குருத்திலைகள் நரம்பு பச்சையாயிருக்க இடையில் மஞ்சளாகும். நானே ஒருமுறை 'நல்ல மணல்' என்ற சொல்லை நம்பி ஒரு சுமை பறித்து, தக்காளி முழுவதையும் மஞ்சளாக்கினேன். ஒரு பிடி மணலில் வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ விட்டுப் பார்த்திருந்தால் நுரைத்துக் காட்டியிருக்கும். நுரைத்தால் வேண்டாம். பின்பு ஒரு போத்தலிற் பாதி மணலும் மீதி தண்ணீருமாக நன்கு குலுக்கி வையுங்கள். மேலே களிப்படை தடிப்பாகப் படிந்தால், கழுவாமற் பாவிக்காதீர்கள்.

வடமராட்சி கிழக்கில் மணற்காடு, அம்பன் பக்கத்து மணல் பெரும்பாலும் படிகக்கல் மணல்தான். ஆயினும் பருமனான குறுணியாகப் பார்த்து, அனுமதிப்பத்திரம் உள்ளவரிடமே வாங்குங்கள். சாட்டியிலோ அல்லைப்பிட்டியிலோ இரவோடிரவாக அள்ளியது மலிவாகக் கிடைக்கும். ஆனால் சாட்டிக் கிணறுகள் கடற்கரையிலும் நன்னீராக இருப்பது அந்த மணல் மழையைப் பிடித்து வைத்திருப்பதால். எங்கள் நன்னீர் நிலத்தடியில் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி உப்பு ஏறும். பாத்திக்கு மணல் அள்ளிக் கிணற்றை இழப்பதா?

இனித் தண்ணீர். திலாப்பியா சவரைத் தாங்கும். எனவே மீன் துள்ளுகிறது என்று பார்த்து ஏமாறக்கூடாது. வெங்காயம், மிளகாய், போஞ்சி உப்பைத் தாங்கா; தக்காளி ஓரளவு, பீற்றூட் இன்னும் சற்றுத் தாங்கும். இன்னொன்று: நீர் ஆவியாகும், உப்புத் தங்கும். லீற்றருக்கு ஒரு கிராம் உப்புள்ள கிணற்று நீரால் ஆயிரம் லீற்றர் தொட்டியை நிரப்பியதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு முப்பது லீற்றர் குறைய, அதே கிணற்றால் நிரப்பினால், நூறு நாளில் உப்பு நாலு மடங்கு. தை மாதம் நன்றாயிருந்த பாத்தி சித்திரையிற் கருகுவது இதனாற்றான்.

ஆகவே முதல் நிரப்பலுக்குக் கிணற்று நீர் கலந்தாலும், நாளாந்தம் விடுவதற்கு மழைநீர் சேமியுங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,300 லீற்றர் விழும். சிந்தியது போக 1,900 ஆவது சேரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே பீலி கட்டுங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். தொட்டியை மூடி வையுங்கள், நுளம்பு வரும். குழாய்நீர் கிடைப்பவர்கள் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்தே மீனுக்கு விட வேண்டும், குளோரின் போகட்டும்.

தொட்டிக்குக் கிடங்கு வெட்டித் தடித்த பொலித்தீன் விரிக்கலாம். பிறர் காணியில் இருப்போருக்கு இதுவே நல்லது. போகும்போது மடித்து எடுத்துச் செல்லலாம். புதுச் சீமெந்துத் தொட்டியாயின் நீர் நிரப்பி, சில நாள் ஊறவிட்டு இறைத்து, இப்படிப் பலமுறை செய்த பின்பே மீன் விடவும். மருந்து வந்த பீப்பா வேண்டாம். செம்புக் குழாயும் வேண்டாம், மீனுக்கு நஞ்சு. பாத்தியின் அடியிலும் பொலித்தீன் விரித்து, இருநூறு அடிக்கு ஓரடி வீதம் தொட்டிப் பக்கமாகச் சரிவு கொடுங்கள். மோட்டர் இல்லாதவர்கள் வாளியால் ஊற்றலாம். நாளுக்கு எட்டு முறை என்பதால் வீட்டில் ஒருவர் நிற்க வேண்டும்.

மணல் பறிக்க முன், ஒரு போத்தல் கிணற்று நீரை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி உப்பை அளந்துகொள்ளுங்கள். மழைக்கு முன்பு ஒன்று, பங்குனியில் ஒன்று.