பாதத்தை யார் கையில் கொடுப்பது?



ஒரு குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா அவசரமாக உள்கடன் கேட்டார். "எதுக்குக்கா?" என்று கேட்டோம். "கால் விரலை எடுத்துட்டாங்கம்மா" என்றார். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. பௌர்ணமி அன்று 14 கிலோ மீட்டர் கிரிவலத்தை வெறுங்காலோடு சுற்றியிருக்கிறார். கால் மரத்துப் போயிருந்ததால் கொப்புளம் வந்ததே தெரியவில்லை. "கால் டாக்டர்" என்று போர்டு போட்ட ஒருவரிடம் போய்ப் புண்ணை அறுத்துக் கட்டுப் போட்டுக்கொண்டார். சில நாளில் விரல் கறுத்துவிட்டது. "அவர் என்ன படிச்சவருக்கா?" என்றோம். "அதை யாரும்மா கேட்டா?" என்றார்.

அதைக் கேட்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த மாதப் பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் பாதத்துக்கு மட்டும் வைத்தியம் பார்க்கத் தனிப் படிப்பு உண்டு. படித்தவரை 'போடியாட்ரிஸ்ட்' என்பார்கள். அவர் எதுவரை கத்தி வைக்கலாம் என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் சொல்கிறது. சில இடத்தில் பாதம் வரை, சில இடத்தில் கணுக்கால் வரை, சில இடத்தில் அதற்கும் மேலே. நியூயார்க்கில் 2014 முதல் கணுக்கால் அறுவை செய்யக் கூடுதல் பயிற்சியும் தனி அனுமதியும் வேண்டும். படித்தவருக்கே இப்படி எல்லைக்கோடு!

நம் நாட்டில் 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் போடியாட்ரிஸ்ட் பெயரும் இருக்கிறது. பதிவு செய்ய மாநிலந்தோறும் கவுன்சில் அமைக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆங்கில வைத்தியம் பார்க்கும் டாக்டர் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் பார்த்தால், 2019-ம் ஆண்டு சட்டப்படி ஒரு வருடம் வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சித்த மருத்துவருக்கும் பதிவு உண்டு. ஆகவே, "உங்க பதிவு எண் என்னங்க?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, நம் உரிமை.

யார் எதுவரை?

* சுகாதாரத் தன்னார்வலர்: 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நம் குழுப் பெண்களே இந்த வேலைக்கு வந்தார்கள். சர்க்கரை, பிரஷர் பார்ப்பார்கள். புண்ணை அறுப்பது இவர்கள் வேலை இல்லை.
* செவிலியர்: டாக்டர் சொன்னபடி புண்ணைக் கழுவிக் கட்டுவார்.
* ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்: மரத்துப்போன காலைச் சோதிப்பார், மருந்து தருவார், தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்.
* அறுவை சிகிச்சை டாக்டர்: ஆழமான புண்ணைச் சுத்தம் செய்வதும், விரலை எடுக்கலாமா காப்பாற்றலாமா என்று முடிவு செய்வதும் இவர்தான்.

கால் ஆணியைப் பிளேடால் சீவுவது, கடையில் விற்கும் கால் ஆணிப் பிளாஸ்திரி ஒட்டுவது, இரண்டும் சர்க்கரை உள்ளவர்களுக்கு வேண்டாம். அந்தப் பிளாஸ்திரியில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

நாமே செய்யக்கூடியது

தினமும் ராத்திரி பாதத்தைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு, அடிப்பாதம் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வையுங்கள், இல்லை பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீரில் காலை வைக்குமுன் முழங்கையால் சூடு பாருங்கள்.

நம் பக்கத்து வேலூரில், 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மரத்துப்போன கால்களை ஆராய்ந்தார். வலி தெரியாததால்தான் புண் வளர்கிறது என்று காட்டினார். சர்க்கரைக் காலுக்கும் இதே கதைதான். அந்தக் கால்களுக்கென வந்த மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் உதவுகிறது.

கால் மரத்தவர்கள் வெறுங்காலோடு கிரிவலம் போக வேண்டாம். போகுமுன் டாக்டரைக் கேளுங்கள். அண்ணாமலையார் நம் மனசைத்தான் பார்ப்பார், செருப்பை இல்லை.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் சர்க்கரை உள்ளவர்கள் எத்தனை பேர்? கடைசியாக டாக்டரிடம் காலைக் காட்டியது எப்போது?
2. நம் ஊரில் காலுக்கு வைத்தியம் பார்ப்பவருக்குப் பதிவு இருக்கிறதா?
3. காலில் புண் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி போக உள்கடன் தருவோம் என்று தீர்மானம் போடலாமா?

அந்த அக்கா கேட்ட கடனைக் குழு கொடுத்தது. விரல் போகுமுன்பே கொடுத்திருக்கலாமே என்ற வருத்தம் எங்களுக்கு இன்னும் இருக்கிறது.