சட்டைப் பையில் சிங்கம் அடங்குமா?

எங்கள் நடுநிலைப்பள்ளி இந்த ஆண்டு உயர்நிலைப்பள்ளி ஆகியிருக்கிறது. விளையாட்டு அணிக்கு விலங்குச் சின்னம் வேண்டும். கர்ஜிக்கும் சிங்கம், பின்னால் சூரியன், புத்தகம், விளக்கு என்று யோசித்திருக்கிறோம். சரிதானா?
– உடற்கல்வி ஆசிரியர், இராமநாதபுரம் மாவட்டம்

விளக்கையும் புத்தகத்தையும் பள்ளி முத்திரைக்கு விட்டுவிடுங்கள், சார். பனியனுக்கு விலங்கு மட்டும் போதும். சட்டைப் பையில் இரண்டு அங்குலத்துக்கு எம்பிராய்டரி போட்டால் பிடரி மயிர் நூல் சிக்காகிவிடும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், தனிக் காசு. இரண்டு நிறத்தோடு நிறுத்துங்கள். வரைந்ததைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ‘பூனை’ என்று சொன்னால் மறுபடி வரைய வேண்டியதுதான்!

சிங்கம் எந்த ஊரிலும் கிடைக்கும். 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டின் சின்னமான ‘தம்பி’ மனதில் நின்றதே குதிரைக்கு வேட்டி கட்டிவிட்டதால்தான். உங்களுக்குக் கடல் இருக்கிறது. முதுகில் பாய் விரித்த மயில் மீன் வேகத்துக்குப் பேர்போனது. வெறும் நிழலாக வரைந்தாலே அடையாளம் தெரியும். கடற்பசுவும் அழகுதான், ஆனால் கபடி அணிக்குக் கொஞ்சம் சாது.

ஓவியரிடம் ஜேபிஜி மட்டும் வாங்கி வராதீர்கள். கோரல்டிரா கோப்பையும் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆண்டு விழா ஃபிளெக்ஸில் மீன் கட்டம் கட்டமாக உடையும்.