தேமல் படர்ந்த இலை

கி.பி. 752இல் ஜப்பானியப் பேரரசி கோகென், கோடைக்காலத்திலேயே ஒரு செடியின் இலைகள் மஞ்சளித்திருப்பதைக் கண்டு பாடல் ஒன்றை இயற்றினார். பருவம் முந்தி வந்ததாக அவர் கண்ட அந்நிறம் உண்மையில் ஒரு நோயாகும். தாவர வைரஸ் நோயைப் பற்றிய மிகப் பழைய பதிவாக இன்று அப்பாடலே கருதப்படுகிறது. அந்நோயைத் தந்த பெகோமோவைரஸ் பேரினத்தைச் சேர்ந்தனவே, சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மரவள்ளித் தோட்டங்களில் தேமல் நோயை உண்டாக்கும் வைரஸ்களும்.

வெள்ளை ஈ இலைச்சாற்றை உறிஞ்சும்போது வைரஸ் செடிக்குள் புகுந்து, செல்லின் உட்கருவில் பெருகுகிறது. அதற்குச் செடி ஈட்டிய பொருளும் ஆற்றலுமே செலவாகின்றன. பசுங்கணிகங்கள் சிதைந்து பச்சையம் குறைய, இலையில் வெளிறிய திட்டுகள் தோன்றுகின்றன. இலை சுருண்டு சிறுத்துவிடுவதால் ஒளியை ஏற்கும் பரப்பும் சுருங்குகிறது. ஒளிச்சேர்க்கை இவ்வாறு இருவழியிலும் நலிகிறது. கிழங்கு என்பது இலை ஆக்கி அனுப்பிய சர்க்கரை மாவுச்சத்தாகச் சேர்ந்த களஞ்சியமே. இலை நலிந்தால் களஞ்சியமும் குறையும். சவ்வரிசி ஆலைகளில் மாவுச்சத்தின் அளவைக் கொண்டே கிழங்குக்கு விலை வைப்பதால், இழப்பு உழவரையே சேர்கிறது.

செடி சாவதில்லை என்பதே இந்நோயின் கொடுமை. பயிர் வாடி விழுந்தால் எவரும் விழித்துக்கொள்வர். தேமல் கண்ட மரவள்ளியோ அறுவடை வரை நின்றுகொண்டேயிருக்கும். மண்ணைத் தோண்டும்போதுதான் குறை தெரியும்.

நோய் வந்த வழியை இலைகளைக் கொண்டே பெரும்பாலும் அறியலாம். அடி இலைகள் பசுமையாக இருந்து மேல் இலைகளில் மட்டும் தேமல் காணப்பட்டால், அது வெள்ளை ஈ கொண்டுவந்தது. முதல் இலையிலேயே தேமல் தோன்றினால், நட்ட கரணையிலேயே நோய் இருந்தது என்பது பொருள். இரண்டாவது வகையில் செடி தொடக்கத்திலேயே நலிவதால் விளைச்சல் பெரிதும் குறைகிறது. அறுவடைக்குப்பின் இலையற்ற தண்டைப் பார்த்து நோயைக் கண்டறிய இயலாது. ஆகவே, இலைகள் நிற்கும்போதே நோயற்ற செடிகளை அடையாளமிட்டு, அவற்றின் தண்டுகளை மட்டுமே கரணைக்கு எடுத்துவைக்க வேண்டும்.

நோயுற்ற செடியைக் குணப்படுத்தத் தெளிக்கத்தக்க மருந்து இல்லை. எனினும், தண்டு நுனியின் ஆக்குத்திசுவில் வைரஸ் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்நுனியை வெட்டியெடுத்துத் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற செடிகளை உருவாக்கலாம். அச்செடிகளும் எதிர்ப்புத்திறன் பெற்றவை அல்ல. நோயுற்ற செடியிலிருந்து வரும் வெள்ளை ஈ அமர்ந்தால் அவற்றிலும் தேமல் படரும்.