உறக்கமின்மைக்கு ஒலியா, ஒழுங்கா?

வாரத்தில் மூன்று இரவுகளாவது உறக்கம் கெட்டு, அந்நிலை மூன்று மாதங்கள் நீடித்தால் மருத்துவர்கள் அதனை நாட்பட்ட உறக்கமின்மை என்கின்றனர். மாத்திரையின்றி இதனைப் போக்க விரும்புவோர்முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, ஒலியின் துணையை நாடுவது; மற்றொன்று, பழக்கத்தைத் திருத்துவது.

கவலைகளை அசைபோடும் மனத்திற்கு மெல்லிய இசை ஒரு பற்றுக்கோடு. 2022-இல் காக்ரேன் அமைப்பு, 1,007 பேர் பங்கேற்ற 13 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்தது. இசை கேட்டவர்கள் தங்கள் உறக்கத்தின் தரம் உயர்ந்ததாக உணர்ந்தனர் என்று அது கண்டது. ஆனால் மின்விசிறியின் இரைச்சல் போன்ற சீரான ஓசை உறக்கம் தரும் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

இரண்டாம் வழி நோயின் வேரை நாடுகிறது. பல இரவுகள் விழித்துக் கிடந்தவருக்குப் படுக்கையே விழிப்பின் அடையாளமாகி விடுகிறது. இந்தத் தொடர்பை அறுக்க அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் சில விதிகளை வகுத்தார். உறக்கம் வரும்போது மட்டுமே படுக்க வேண்டும். வராவிட்டால் எழுந்து வேறிடம் சென்றுவிட வேண்டும். இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் குறித்த நேரத்தில் எழ வேண்டும். பகலில் உறங்கலாகாது. படுக்கையில் கழிக்கும் நேரத்தை உண்மையில் உறங்கும் நேரத்தளவுக்குச் சுருக்கி, பின்னர் படிப்படியாகக் கூட்டும் முறையை ஆர்தர் ஸ்பீல்மன் குழுவினர் 1987-இல் விளக்கினர்.

இவ்விதிகளுடன், உறக்கம் பற்றிய வீண் அச்சங்களைக் களையும் பயிற்சியும் சேர்ந்ததே அறிவு-நடத்தைச் சிகிச்சை. நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதலில் அளிக்க வேண்டியது இதுவே என அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது.

இசை எளிது, கேட்பவரிடம் அது எதையும் கோருவதில்லை. ஒழுங்கு கடினம், முதல் வாரங்களில் பகற்சோர்வு மிகும். ஆதலால் வாகனம் ஓட்டுவோரும், வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உடையோரும் மருத்துவரின் மேற்பார்வையின்றி இதில் இறங்கலாகாது. ஆயினும் சிகிச்சை முடிந்த பின்னும் இதன் பயன் நிலைக்கிறது.

இவ்விரண்டும் முரண்படும் இடம் ஒன்றுண்டு. இசை கேட்டபடியே மணிக்கணக்கில் விழித்துக் கிடந்தால், படுக்கைக்கும் விழிப்புக்கும் உள்ள பிணைப்பே இறுகும். எனவே நாற்காலியில் அமர்ந்து இசை கேட்டு, கண்கள் சொருகும்போது படுக்கைக்குச் செல்வதே பொருத்தம். இசையைத் துணையாகவும் ஒழுங்கை மருந்தாகவும் கொள்வது நலம். உறக்கம் வலிந்து பிடிக்க வருவதன்று. அதற்குரிய நேரத்தையும் இடத்தையும் காத்து வைப்பதே நாம் செய்யத்தக்கது.