டாக்கில் செருகிய நெட்வொர்க் கம்பி வேலை செய்யாதபோது

மடிக்கணினியில் ஒரேயொரு கம்பியைச் செருகியவுடன் பெரிய திரை, விசைப்பலகை, அச்சு யந்திரம், மின்சாரம், நெட்வொர்க் ஆகிய யாவும் ஒருங்கே வந்து சேரும்படி செய்கின்ற சிறு பெட்டிக்கு டாக்கிங் ஸ்டேஷன் என்று பெயர். சுருக்கமாக டாக் என்பர். பகலில் கடையிலும் இரவில் வீட்டிலும் அதே மடிக்கணினியில் கணக்குப் பார்க்கும் நம் வணிகர்களுக்கு இது மிகவும் சௌகரியமான சாதனம். ஆயினும் இதில் ஒரு தொல்லை உண்டு. திரை தெரியும், விசைப்பலகை வேலை செய்யும், நெட்வொர்க் மட்டும் நின்றுபோகும். மாதக் கடைசியில், சரக்குக் கணக்கை முடிக்கும் வேளையில் இவ்வாறு நேர்ந்தால் என்ன பாடு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மலேசியாவில் 2024 ஆகஸ்ட் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ள இ-இன்வாய்ஸ் முறைக்கு உட்பட்ட கடைகளுக்கோ, நெட்வொர்க் நின்றால் விலைச்சிட்டும் நின்றது என்றே பொருள்.

இத்தருணத்தில் பலர் செய்வது யாது? தொலைபேசிக் கம்பெனிக்குப் போன் போட்டுக் குறை சொல்கிறார்கள். அல்லது டாக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, நூற்றுக் கணக்கில் வெள்ளி கொடுத்துப் புதிது வாங்குகிறார்கள். இரண்டும் அவசரம். முதலில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்கிலுள்ள நெட்வொர்க் துளை மடிக்கணினியின் துளை அன்று. டாக்குக்குள் தனியாக ஒரு நெட்வொர்க் அடாப்டர் குடியிருக்கிறது. அதற்குத் தனிச் சில்லு, தனி டிரைவர், தனி விலாசம். மடிக்கணினியோ அதனை யூ.எஸ்.பி. வழியாகச் செருகிய ஓர் அயல் சாதனமாகவே பார்க்கிறது. முன்னாளில் மடிக்கணினியின் அடிப்புறத்தில் 'கிளிக்' என்று பொருத்தும் டாக்குகளில், மடிக்கணினிக்குள்ளிருந்த அடாப்டரே கீழே உள்ள துளைக்கு வந்துகொண்டிருந்தது. மடிக்கணினிகள் மெலிந்து, அத்துளையையே இழந்த பின்னர்தான் இந்த ஏற்பாடு பெருவழக்காயிற்று. ஆகவே சுவரிலிருந்து மடிக்கணினி வரையில் ஒரு சங்கிலி இருக்கிறது: ரூட்டர், ஸ்விட்ச், கம்பி, டாக்கிலுள்ள சில்லு, டாக்கையும் மடிக்கணினியையும் இணைக்கும் யூ.எஸ்.பி. கம்பி, டிரைவர். எந்தக் கண்ணி அறுந்தது என்று பார்ப்பதே வேலை.

தொடங்குமுன் வைஃபையை அணைத்துவிடுக. இதைச் செய்யாமல் சோதிப்பது வீண். கம்பி செத்திருந்தாலும் வைஃபை சத்தமில்லாமல் வேலையை ஏற்றுக்கொண்டு நம்மை ஏமாற்றும். கம்பியைச் சரிசெய்துவிட்டோம் என்று நாம் மகிழ்ந்திருக்க, மறுநாள் பழைய கதையே தொடரும்.

அடுத்து விளக்குகளைப் பாருங்கள். அநேக டாக்குகளில் நெட்வொர்க் துளையருகே சிறு விளக்கு ஒன்றோ இரண்டோ உண்டு; ஸ்விட்சிலும் உண்டு. இருபுறமும் இருட்டாயிருந்தால், வேலை செய்கின்ற வேறொரு கணினியின் கம்பியைக் கழற்றி டாக்கில் செருகிப் பாருங்கள். விளக்கு எரிந்தால் குற்றம் பழைய கம்பியுடையது. கிட்டங்கிகளில் எலி கடிப்பதும், மேசைக்காலின்கீழ் நசுங்குவதும், முனையிலுள்ள பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்து கம்பி தளர்ந்து நிற்பதும் சகஜம். ஒடிந்த நாக்குடைய கம்பியை ஒட்டுப்போட்டு வைத்துக்கொள்ளும் சிக்கனம் நமக்கு வேண்டாம். சில வெள்ளி விவகாரம் அது.

விளக்கே எரியாமல் போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. டாக்கிலுள்ள சில்லு சிலவேளை உறைந்துபோய் நின்றுவிடும். மடிக்கணினியை அணைத்து எழுப்புவதால் இது தெளியாது. ஏனெனில் டாக்குக்குத் தனி மின்சாரம் வந்துகொண்டேயிருக்கிறது. டாக்கிலிருந்து எல்லாக் கம்பிகளையும், முக்கியமாக அதன் மின்கம்பியையும், கழற்றி ஒரு நிமிஷம் சும்மா விடுங்கள். பிறகு மின்சாரம், அதன்பின் நெட்வொர்க், கடைசியில் மடிக்கணினி என்ற வரிசையில் செருகுங்கள். நம் கடைகளில் எழும் புகார்களில் கணிசமானவை இந்த ஒரு நிமிஷத்திலேயே தீர்ந்துவிடுகின்றன.

தீரவில்லையாயின், விண்டோஸ் அந்த அடாப்டரைக் காண்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட் பொத்தானின்மேல் வலது பக்கம் அழுத்தி, டிவைஸ் மானேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற தலைப்பை விரியுங்கள். வைஃபையின் பெயரோடு, ரியல்டெக் அல்லது ஏசிக்ஸ் என்று தொடங்கி யூ.எஸ்.பி. என்ற எழுத்துகளும் கூடிய ஒரு பெயர் பெரும்பாலும் இருக்கும். அதன்மீது கீழ்நோக்கிய அம்புக்குறி காணப்பட்டால் யாரோ அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். வலது பக்கம் அழுத்தி எனேபிள் செய்தால் போதும். மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் கோளாறு என்று முதலில் சந்தேகிக்கலாம். அடாப்டரை அன்இன்ஸ்டால் செய்து, டாக்கைக் கழற்றி மீண்டும் செருகினால் விண்டோஸ் தானே டிரைவரைப் போட்டுக்கொள்வதுண்டு. இல்லாவிட்டால் டாக் தயாரித்த கம்பெனியின் பக்கத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை இறக்குக. நெட்வொர்க் இல்லாமல் எப்படி இறக்குவது என்பீர்கள். அதற்கு மட்டும் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்துங்கள்.

பெயரே காணப்படவில்லையானால்? இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். "திரை தெரிகிறதே, ஆகவே டாக்கும் அதன் கம்பியும் நலம்" என்று எண்ணுகிறார்கள். யூ.எஸ்.பி.-சி கம்பிக்குள் பல நரம்புகள் உள்ளன. அநேக டாக்குகளில் திரைப்படம் ஒரு நரம்பிலும், யூ.எஸ்.பி. செய்தி வேறு நரம்பிலும் பயணம் செய்கின்றன. படம் வந்துசேர்வதால் மற்றதும் வந்தது என்று ஆகாது. சரியான சோதனை யாதெனில், டாக்கில் செருகிய விசைப்பலகையைத் தட்டிப் பார்ப்பது. அதுவும் மௌனமாயிருந்தால் யூ.எஸ்.பி. பாதையே அடைபட்டிருக்கிறது, மடிக்கணினியின் வேறு துளையை, அல்லது வேறு கம்பியை முயலுங்கள். டாக்கோடு வந்த கம்பியே உத்தமம். கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் கம்பி பார்வைக்கு அதன் இரட்டைப் பிள்ளைபோல் இருந்தாலும், உள்ளே நரம்புகள் குறைவு. விசைப்பலகை பேசி, நெட்வொர்க் மட்டும் பேசாதிருந்தால் குற்றம் பெரும்பாலும் சில்லிலோ டிரைவரிலோ உள்ளது.

அடாப்டர் இருக்கிறது, விளக்கும் எரிகிறது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை என்றால் விலாசத்தைக் கவனிக்க வேண்டும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் சென்று ஈதர்நெட்டைத் திறந்தால் ஐ.பி. விலாசம் தெரியும். அது 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் விலாசம் தரவில்லை, மடிக்கணினி தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். ரூட்டர் ஏன் தரவில்லை? ஒவ்வொரு அடாப்டருக்கும் பிறப்பிலேயே எழுதப்பட்ட மேக் விலாசம் என்று ஒன்று உண்டு. அன்னியர் நுழையாதிருக்கச் சில முதலாளிமார்கள் ரூட்டரில் மேக் பட்டியல் எழுதி வைத்திருப்பார்கள். டாக்கை மாற்றியதும் மேக்கும் மாறிவிடுகிறது. மடிக்கணினி அதேதான், மனிதரும் அவரேதான். ஆனால் ரூட்டருக்கோ வாசலில் நிற்பவர் புதியவர். இதன் மறுபக்கமும் உண்டு. கணக்கப்பிள்ளையும் முதலாளியும் வெவ்வேறு மடிக்கணினிகளை ஒரே டாக்கில் மாறி மாறிச் செருகினால், ரூட்டர் இருவரையும் ஒருவராகவே எண்ணும். இதனைத் தவிர்க்க, மடிக்கணினியின் சொந்த மேக்கை டாக் ஏற்றுக்கொள்ளும் 'மேக் பாஸ்த்ரூ' என்ற வசதியை டெல், லெனோவா, ஹெச்பி முதலிய கம்பெனிகள் தங்கள் மடிக்கணினிகள் பலவற்றின் பயாஸில் வைத்துள்ளன. ஒரே கம்பெனியின் மடிக்கணினியும் டாக்கும் சேர்ந்திருந்தால்தான் இதனை நம்பலாம்.

நெட்வொர்க் இருக்கிறது, ஆனால் நத்தை வேகம் என்பது வேறு நோய். அதே ஈதர்நெட் பக்கத்தில் இணைப்பு வேகம் 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று நின்றால் கம்பியைச் சந்தேகியுங்கள். கம்பிக்குள் நான்கு ஜோடி நரம்புகள் உண்டு. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலும் கருவிகள் புகார் செய்யாமல் கீழ்வேகத்துக்கு இறங்கிவிடும்.

காலையில் வந்து திரையைத் திறந்தால் நெட்வொர்க் இல்லை, டாக்கைக் கழற்றிச் செருகினால் வந்துவிடுகிறது என்போர் பலர். இது மின்சாரச் சிக்கனத்தின் விளைவு. டிவைஸ் மானேஜரில் அந்த அடாப்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, பவர் மானேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இச்சாதனத்தை அணைக்கலாம் என்ற பொருளுள்ள வரிக்கு எதிரேயுள்ள அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அப்பக்கமே தென்படாத மடிக்கணினிகளும் உண்டு. அட்வான்ஸ்டு பக்கத்தில் கிரீன் ஈதர்நெட், எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட் என்பன இருந்தால் அவற்றையும் அணைத்துப் பார்க்கலாம். கடையில் விளக்கை அணைப்பது சிக்கனம். காவல்காரனைத் தூங்க வைப்பது சிக்கனமாகாது.

இனிச் சொல்லப்போவது சற்று விசித்திரமானது. ஆனால் வியாபாரத்துக்கு மிகவும் நஷ்டம் தரக்கூடியது. முதலாளி மாலையில் மடிக்கணினியை மூடிவைத்து வெளியே போகிறார். சற்று நேரத்தில் கடை முழுவதும் நெட்வொர்க் நிற்கிறது. கல்லாவிலுள்ள அட்டை யந்திரம் நிற்கிறது, காமிரா நிற்கிறது. முதலாளி திரும்பி வந்து மடிக்கணினியைத் திறந்ததும் எல்லாம் சரியாகிறது. அவர் கைராசிதான் என்று ஊழியர்கள் சொல்வார்கள்! நடப்பது வேறு. ஈதர்நெட் கருவிகளுக்குள், "எனக்கு இடம் இல்லை, சற்றுப் பொறு" என்று சொல்லும் ஒரு சைகை உண்டு. 1997ல் விதியாக வகுக்கப்பட்டது. மடிக்கணினி உறங்கும்போதும் டாக்கின் சில்லு விழித்திருக்கிறது. வரும் செய்திகளை எடுத்துக்கொள்ள ஆளில்லாததால் அதன் சிறு கிட்டங்கி நிரம்பிவிடுகிறது. உடனே "பொறு, பொறு" என்று ஓயாமல் சைகை காட்டத் தொடங்குகிறது. மலிவான ஸ்விட்சுகள் சில அதற்குக் கீழ்ப்படிந்து, எல்லோருடைய போக்குவரத்தையும் நிறுத்திவிடுகின்றன. யூ.எஸ்.பி. டாக்குகள் சிலவற்றில் இக்குறை காணப்பட்டுள்ளது. நெட்வொர்க் நின்ற சமயத்தில் டாக்கின் நெட்வொர்க் கம்பியை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். கடை உயிர்பெற்றால் குற்றவாளி அகப்பட்டான். டாக்கின் ஃபர்ம்வேரையும் டிரைவரையும் புதுப்பித்தல் முதல் வைத்தியம். ஃபர்ம்வேர் ஏறும்போது பாதியில் கம்பியைக் கழற்றலாகாது. கழற்றினால் டாக்கே செத்துவிடக்கூடும். அதிலும் தீராவிட்டால், ஸ்விட்சில் ஃப்ளோ கன்ட்ரோல் என்ற அமைப்பை அணைக்கச் சொல்லுங்கள். மலிவு ஸ்விட்சில் அவ்வமைப்பு நம் கைக்கு எட்டாது. அங்கே ஸ்விட்சை மாற்ற வேண்டியதே.

இவ்வளவும் பார்த்த பிறகு டாக்கின்மேல் சந்தேகம் நிலைத்தால், யூ.எஸ்.பி.யில் செருகும் தனி ஈதர்நெட் அடாப்டர் ஒன்றை வாங்குங்கள். டாக்கின் விலையில் அது சிறு பங்குதான். அதே நெட்வொர்க் கம்பியை அதில் செருகி, அதை நேராக மடிக்கணினியில் போடுங்கள். வேலை செய்தால் டாக்தான் குற்றவாளி. செய்யாவிட்டால் டாக் நிரபராதி, ரூட்டர் பக்கம் தேடுக. டாக் பழுதுபார்க்கப் போயிருக்கும் நாட்களிலும் அந்தச் சிறு அடாப்டரே கடையை நடத்தும். டாக்கைக் கொண்டுபோகும்போது அதன் அடியில் அச்சிட்டுள்ள மாடல் எண்ணும் சீரியல் எண்ணும், வாங்கிய ரசீதும், எந்தச் சோதனையில் என்ன கண்டோம் என்ற குறிப்பும் கையிலிருக்கட்டும். டாக்கை மேசையின் அடியில் திருகாணி போட்டு மாட்டும் பழக்கமுள்ளவர்கள், மாட்டுமுன் அந்த எண்களைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்வது நலம்.