உங்கள் இடுப்பு எத்தனை சென்டிமீட்டர்?

தையல் கடையில் நம் அளவை அங்குலத்தில் சொல்லிப் பழகிவிட்டோம். கிளினிக்கில் சென்டிமீட்டரில் எழுதுவார்கள். ஒரு அங்குலம் 2.54 செ.மீ. பெரும்பாலான தையல் நாடாக்களின் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர்.

அளப்பது எப்படி?

1. கால்களைச் சற்று அகட்டி நேராக நில்லுங்கள்.
2. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுங்கள். இறுக்க வேண்டாம்.
3. வயிற்றை உள்ளிழுக்காமல், இயல்பாக மூச்சை வெளிவிட்டதும் எண்ணைப் பாருங்கள்.

சிலுவாரின் அளவைக் கணக்கில் கொள்ளாதீர்கள். பலர் அதைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறார்கள்.

இருக்க வேண்டிய அளவு

ஆண்கள்: 90 செ.மீ.க்குக் குறைவு (சுமார் 35½ அங்குலம்)
பெண்கள்: 80 செ.மீ.க்குக் குறைவு (சுமார் 31½ அங்குலம்)

ஏன் முக்கியம்?

வயிற்றினுள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு, இன்சுலின் சரியாக வேலை செய்வதைத் தடுக்கும். இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, இதய நோய் வரும் வாய்ப்பு கூடும். உடல் எடை சரியாக இருப்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

அளவு கூடினால்

• தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, பாதி காய்கறியும் பழமும்.
• தே தாரேக்கில் கெட்டிப்பாலைக் குறைக்கச் சொல்லுங்கள்.
• மாலையில் பாடாங் கோத்தா கடலோரம் நடக்கலாம்.
• அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மாதம் ஒருமுறை அளந்து, தேதியுடன் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். கிளினிக்குக்குச் செல்லும்போது அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள்.