பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும்

 

இந்த மாதச் சுவர் இதழுக்குத் "தொழிற்கல்வி" பற்றி எழுதச் சொல்லி அறிவியல் டீச்சர் என்னிடம் தாளைக் கொடுத்தார். தொழிற்கல்வி என்றதும் நம்மில் பலர் தையலையும் தட்டச்சையும்தான் நினைக்கிறோம். நான் மின்சாரத் தொழிலையும், தொழிற்சாலைகளில் மெஷின்களைக் கட்டுப்படுத்தும் முறையையும் பற்றி எழுதப் போகிறேன். இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். நம்ம ஊரில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் மோட்டார் ரூமில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதில் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். அதுதான் ஸ்டார்ட்டர். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பெரிய மில்லில் ஓடும் மெஷின்களில் பாதி புரிந்த மாதிரிதான்.

எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்டார்ட்டரைத் திறக்கக் கூடாது. உள்ளே 400 வோல்ட் அளவுக்கு மின்சாரம் இருக்கும். நான் பார்த்தது என் சித்தப்பாவின் பட்டறையில், எந்தக் கனெக்‌ஷனும் இல்லாமல் மேசை மேல் வைத்திருந்த பழைய ஸ்டார்ட்டரை. சித்தப்பா ஐ.டி.ஐ. படித்தவர். மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறார்.

1. மூன்று பேஸ் என்றால் என்ன?

வீட்டுக்கு வருவது ஒரு பேஸ், ஒரு நியூட்ரல். இரண்டுக்கும் நடுவில் 230 வோல்ட். தோட்டத்து மோட்டாருக்கு வருவது மூன்று பேஸ். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அடையாளம் சொல்வார்கள். எந்த இரண்டு பேஸுக்கு நடுவில் பார்த்தாலும் சுமார் 400 வோல்ட் இருக்கும். மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. மூன்று பேஸும் ஒரே நேரத்தில் ஏறுவதில்லை, ஒன்றன் பின் ஒன்றாக ஏறுகின்றன. மூன்று பேர் மாறி மாறி ராட்டினத்தைத் தள்ளினால் அது நிற்காமல் சுற்றும் அல்லவா? அதுபோல மோட்டாருக்குள் காந்தப்புலம் சுற்றுகிறது. அதன் பின்னாலேயே மோட்டாரும் சுற்றுகிறது.

2. பெட்டிக்குள் இருப்பவை

(அ) கான்டாக்டர்: இது ஒரு மின்காந்தம். கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பை "டக்" என்று இழுக்கும். அந்த இரும்போடு சேர்ந்த மூன்று தொடர்புகளும் மூடும். மூன்று பேஸும் மோட்டாருக்குப் போகும். 8 ஆம் வகுப்பில் ஆணியில் கம்பி சுற்றி குண்டூசி தூக்கினோமே, அதுதான் இங்கே பெரிய வேலை செய்கிறது.

(ஆ) பச்சைப் பொத்தான்: எப்போதும் திறந்திருக்கும். அழுத்தினால் மூடும்.

(இ) சிவப்புப் பொத்தான்: எப்போதும் மூடியிருக்கும். அழுத்தினால் திறக்கும்.

(ஈ) ஓவர்லோடு ரிலே: மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் சுற்றை அறுத்துவிடும் காவல்காரன்.

3. கையை எடுத்த பிறகும் மோட்டார் ஏன் ஓடுகிறது?

இதுதான் நான் சித்தப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி. காலிங்பெல்லில் கையை எடுத்தால் சத்தம் நின்றுவிடுகிறது. ஸ்டார்ட்டரில் கையை எடுத்தாலும் மோட்டார் ஓடுகிறதே?

காரணம் இதுதான். கான்டாக்டரில் நான்காவதாக ஒரு சின்னத் தொடர்பு உண்டு. அது பச்சைப் பொத்தானுக்குப் பக்க இணைப்பாக இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் கான்டாக்டர் இழுக்கிறது, சின்னத் தொடர்பும் மூடுகிறது. பிறகு கையை எடுத்தாலும் சுருளுக்கு அந்த வழியாக மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அதாவது கான்டாக்டர் தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது.

கரன்ட் போனால் என்ன ஆகும்? சுருள் விட்டுவிடும், சின்னத் தொடர்பும் திறந்துவிடும். திரும்பக் கரன்ட் வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது. பெல்ட்டில் கை வைத்திருப்பவருக்கு இது உயிர்காப்பு. ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிய இடத்தில் இந்தக் காப்பு கிடையாது. அங்கே கரன்ட் இல்லாத நேரத்திலும் மெயினை இறக்காமல் மோட்டாரைத் தொடவே கூடாது.

சிவப்புப் பொத்தானை ஏன் மூடியே வைத்திருக்கிறார்கள்? அந்தக் கம்பி எங்காவது அறுந்து போனால் சுற்று திறந்து மோட்டார் நின்றுவிடும். மாற்றி அமைத்திருந்தால், கம்பி அறுந்தது யாருக்கும் தெரியாது. ஆபத்தில் அழுத்தினால் மோட்டார் நிற்காது. கெட்டுப் போனாலும் பாதுகாப்பான பக்கம் கெட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பெரிய விதியாம்.

4. காவல்காரனைக் கட்டிப்போட்டால்

ஒரு எச்.பி. என்பது 746 வாட். 5 எச்.பி. மோட்டார் என்றால் 5 × 746 = 3730 வாட். மூன்று பேஸில் இந்த மோட்டார் முழுச் சுமையில் 7 முதல் 7.5 ஆம்பியர் வரை இழுக்கும். "எச்.பி.க்கு ஒன்றரை ஆம்பியர்" என்று பட்டறைக் கணக்கு சொல்வார்கள். ஓவர்லோடு ரிலேயையும் அந்த அளவுக்குத்தான் வைக்க வேண்டும். அதற்குள் பைமெட்டல் தகடு இருக்கிறது. அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தகடு சூடாகி வளைந்து சுற்றைத் திறக்கும்.

மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்காது. "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே மீதி இரண்டு பேஸில் ஓடும். அந்த இரண்டு கம்பியிலும் மின்சாரம் ஏறக்குறைய 1.7 மடங்கு ஆகும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.7 × 1.7 = 2.89. கிட்டத்தட்ட 3 மடங்கு சூடு! ஓவர்லோடு ரிலே மட்டும் இருந்தால் அது விழுந்து மோட்டாரைக் காப்பாற்றும்.

போன வருஷம் எங்கள் தோட்டத்து மோட்டார் இப்படித்தான் எரிந்தது. ரிலே அடிக்கடி விழுகிறது என்று வேலைக்கு வந்த ஒருவர் அதற்குக் குறுக்கே கம்பி போட்டு விட்டுப் போயிருந்தார். ஒரு நாள் ஒரு பேஸ் போனது. தடுக்க ஆள் இல்லை. காயில் கருகிப் போச்சு. நாலு நாள் தண்ணீர் இல்லாமல் சின்ன வெங்காயம் வாடியது. காயில் கட்ட அம்மாவின் தோடு அடகுக்குப் போனது, இன்னும் மீட்கவில்லை. ரிலே ஏன் விழுகிறது என்று பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் இருந்திருந்தால் அந்தத் தோடு அம்மா காதில் இருந்திருக்கும். தொழிற்கல்வி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

5. தண்ணீர்த் தொட்டி தானாக நிரம்பும் விதம்

மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க வேண்டும், குறைந்ததும் தானாக ஓட வேண்டும். தொட்டிக்குள் ஒரு மிதவை சுவிட்ச் வைத்தால் போதும் என்று நினைப்போம். ஒரே மட்டத்தில் வைத்தால், ஒரு குடம் தண்ணீர் பிடித்ததும் மோட்டார் ஓடும், உடனே நிற்கும், மறுபடி ஓடும். மோட்டார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் 5 முதல் 7 மடங்கு மின்சாரம் இழுக்கும். சீக்கிரம் சூடாகிக் கெட்டுவிடும். அதனால் இரண்டு மட்டம் வேண்டும். கீழ் மட்டத்துக்குப் போனால் ஓடு, மேல் மட்டத்துக்கு வந்தால் நில். நடுவில் இருக்கும்போது முன்பு என்ன செய்தாயோ அதையே செய்.

இப்படித் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வேலை செய்வதை மூடிய சுற்றுக் கட்டுப்பாடு என்பார்கள். பார்க்காமல் மணிக்கணக்கு வைத்து ஓடி நிற்பது திறந்த சுற்றுக் கட்டுப்பாடு. அயர்ன்பாக்ஸ் முதல் வகை. டைமர் வைத்த தெருவிளக்கு இரண்டாம் வகை.

6. ஸ்டார்ட்டரில் இருந்து பி.எல்.சி. வரை

ஒரு மோட்டாருக்கு ஒரு ஸ்டார்ட்டர் போதும். நூறு மோட்டார் ஒன்றுக்கொன்று சொல்பேச்சுக் கேட்டு ஓட வேண்டிய தொழிற்சாலையில்? முன்பெல்லாம் ரிலேக்களை அலமாரி அலமாரியாக அடுக்கிக் கம்பியால் பின்னி வைப்பார்கள். அமெரிக்காவில் கார் மாடல் மாறினால் அத்தனை கம்பியையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. 1968 இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு, இதற்கு மாற்று வேண்டும் என்று கேட்டது. டிக் மார்லி என்ற பொறியாளரும் அவர் கூட்டாளிகளும் "மோடிகான் 084" என்ற கருவியைச் செய்தார்கள். அது அவர்களுடைய 84 ஆவது திட்டம், அதனால்தான் அந்தப் பெயர். இதுதான் பி.எல்.சி. என்னும் கருவியின் தொடக்கம். கம்பியை மாற்றாமல் உள்ளே இருக்கும் நிரலை மட்டும் மாற்றினால் போதும்.

பி.எல்.சி. செய்வது மூன்றே வேலை. பொத்தான்களையும் உணரிகளையும் படிக்கும். நிரல்படி முடிவு எடுக்கும். மோட்டார், வால்வு ஆகியவற்றுக்குக் கட்டளை தரும். பிறகு மறுபடி முதலில் இருந்து. ஒரு சுற்று முடிய ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு கூட ஆகாமல் இருக்கலாம்.

அதன் நிரலை ஏணி போல வரைவார்கள். நம்ம ஸ்டார்ட்டரை ஏணியின் ஒரு படியாக எழுதினால்:

மோட்டார் ஓடு = (பச்சை அழுத்தப்பட்டது அல்லது ஏற்கெனவே ஓடுகிறது) மற்றும் சிவப்பு அழுத்தப்படவில்லை மற்றும் ஓவர்லோடு விழவில்லை.

பார்த்தீர்களா! இரும்புப் பெட்டியில் இருந்ததே இங்கேயும் இருக்கிறது. நூல் மில், பால் பண்ணை, சர்க்கரை ஆலை எங்கே போனாலும் இந்த "மற்றும், அல்லது, இல்லை" தான்.

7. பெண்கள் படிக்கலாமா?

"கரன்ட் வேலை பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று எங்கள் வீதியில் சொல்கிறார்கள். நான் இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். "கரன்ட்டுக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா கண்ணு? தப்பு செஞ்சா ரெண்டு பேரையும்தான் அடிக்கும். சரியாச் செஞ்சா ரெண்டு பேருக்கும்தான் சோறு போடும்" என்றார்.

இன்னொரு பதிலும் இருக்கிறது. ஏ. லலிதா என்பவர் 1919 இல் சென்னையில் பிறந்தார். 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். அதற்குப் பிறகு கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்து 1943 இல் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் அவர்தான். பட்டச் சான்றிதழில் "அவன்" என்று ஆணுக்குரிய சொல்தான் அச்சாகி இருந்ததாம். அதை அடித்துவிட்டு "அவள்" என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். பக்ரா நங்கல் அணையின் மின் உற்பத்தி இயந்திரங்கள் தொடர்பான வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு.

8. எங்கே, எப்படிப் படிப்பது?

* 10 ஆம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ. யில் எலக்ட்ரீசியன் பிரிவு, 2 ஆண்டு.
* 10 ஆம் வகுப்பு முடித்து பாலிடெக்னிக்கில் மின்னியல் பட்டயப் படிப்பு, 3 ஆண்டு. கருவியியல் மற்றும் கட்டுப்பாடு என்ற தனிப் பிரிவும் சில கல்லூரிகளில் உண்டு.
* மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் அடிப்படை மின் பொறியியல் பாடம்.
* ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக 2 ஆம் ஆண்டு சேரலாம். பட்டயம் முடித்தவர் பி.இ. யிலும் நேராக 2 ஆம் ஆண்டு சேரலாம். ஆகவே ஐ.டி.ஐ. போனால் படிப்பு அதோடு முடிந்தது என்பது தவறு.

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகள் பட்டயம், ஐ.டி.ஐ. உட்பட மேற்படிப்பு சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 இல் தொடங்கப்பட்டது. சேரும் ஆண்டில் விதிமுறை என்ன என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம் 9 ஆம் வகுப்பு. முடிவெடுக்க இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கிறது. அதற்குள் கணக்கில் வர்க்கமூலமும் அறிவியலில் மின்சாரப் பாடமும் நன்றாகப் படித்துக்கொள்வோம். நான் எலக்ட்ரீசியன் பிரிவுக்கு விண்ணப்பம் போடுவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "மொதல்ல பத்தாவது பாஸ் பண்ணு, பாக்கலாம்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. 7.5 எச்.பி. மோட்டார் எத்தனை வாட்? பட்டறைக் கணக்குப்படி ஓவர்லோடு ரிலேயை எத்தனை ஆம்பியரில் வைக்க வேண்டும்?
2. பச்சை, சிவப்பு இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் மோட்டார் ஓடுமா? மேலே உள்ள ஏணிப் படியை வைத்துச் சொல்லுங்கள்.
3. ஒரு மோட்டாரைக் கிணற்று மேட்டில் இருந்தும் வீட்டில் இருந்தும் நிறுத்த வேண்டும். இரண்டு சிவப்புப் பொத்தான்களைத் தொடர் இணைப்பில் வைப்பீர்களா, பக்க இணைப்பில் வைப்பீர்களா? ஏன்?

விடைகளைத் துண்டுத்தாளில் எழுதிப் பெயர், வகுப்போடு இந்தத் தாளுக்குக் கீழே உள்ள உறையில் போடவும். சரியான விடைகள் அடுத்த மாத இதழில் வெளிவரும்.



இப்படிக்கு,
9 ஆம் வகுப்பு மாணவி